மூட்டத்தில் கறுப்புக் கண்ணாடி

கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து ஊற்றி, கண்மணியைப் பெரிதாக்கி, உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போகும்போது போட்டுக்கொள்ளுங்கள் என்று ஒரு கறுப்புக் கண்ணாடி கொடுத்தார்கள். கண்ணாடி என்று சொல்வதெல்லாம் ஒரு மரியாதைக்குத்தான். எக்ஸ்ரே பிலிமை வெட்டி வளைத்தது போன்ற பிளாஸ்டிக் தகடு அது. காதில் நிற்காது. மூக்கின் தயவில் உட்கார்ந்திருக்கும். அதை மாட்டிக்கொண்டு கோயம்புத்தூரில் குன்னூர் பஸ் ஏறினேன். பர்லியாறு தாண்டியதும் மூட்டம் இறங்கிவிட்டது. பட்டப்பகலில் டிரைவர் முன்விளக்கைப் போட்டுக்கொண்டு வளைவு வளைவாகத் தடவிக்கொண்டு போகிறார். நான் கறுப்புக் கண்ணாடியோடு ஜன்னல் வழியாக இயற்கையை ரசிக்கிறேன்.

கண்டக்டர் பக்கத்தில் வந்து நின்று, “ஏனுங் சார், மேல ஷூட்டிங்குங்களா? வில்லனுங்களா, காமெடியனுங்களா?” என்றார்.

பக்கத்து சீட்டு அம்மாள் என் வயிற்றை ஒரு தடவை பார்த்து, இரண்டாவதுதான் என்று முடிவு செய்துகொண்டு திரும்பிவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூட்டத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவரோடு வளர்ந்தவன் நான். காலையில் டாக்டர் பெண், என் மகள் வயதுதான் இருக்கும், “உங்க ஃபேமிலில யாருக்காவது கண்ணுல ப்ராப்ளம் இருந்துச்சா அங்கிள்?” என்று கேட்டாள். “அப்பாவுக்கு மூட்டம்” என்றேன். “மூட்டம்னா?” “பனிமூட்டம்தான்மா.” என்னை வேறு டாக்டரிடம் அனுப்ப வேண்டுமோ என்பது போல அவள் பார்த்தாள். எனக்குப் பின்னால் வரிசை நின்றது. விளக்கிச் சொல்ல நேரமில்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன். உங்களுக்குப் பின்னால் வரிசை ஏதும் நிற்காது என்று நம்புகிறேன்.

நாங்கள் சிலோனிலிருந்து வந்தவர்கள். தேவாலாவுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வந்து இறங்கியபோது எனக்கு அரைக்கால் சட்டை வயது. காகிதத்தில் எங்களுக்குத் ‘தாயகம் திரும்பியோர்’ என்று பெயர். அப்பாவின் அப்பாவே கடலுக்கு அந்தப் பக்கம் பிறந்தவர். கண்ணால் பார்க்காத ஊருக்கு எப்படித் திரும்புவது என்று கேட்க எனக்கு அப்போது வயது போதவில்லை. வயது வந்தபோது, அந்தக் காகிதத்தை எழுதியவர்கள் யாரும் கேட்பதற்கு இல்லை.

லயத்தில் எங்களுக்கு ஒரு காம்பரா கிடைத்தது. லயம் என்றால் தோட்டத்து வரிசை வீடுகள். காம்பரா என்றால் அதில் ஒரு அறை. அந்த அறையிலேயே சமையல், படுக்கை, கடவுள், கோழி எல்லாம். அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. வீட்டுக்கு இரண்டு பேர் வேலைக்கு வரவேண்டும். ஒருவர் குறைந்தால் காம்பரா வேறு குடும்பத்துக்குப் போய்விடும். வேலைக்கு ஆள் தேவைப்படாத தோட்டமில்லை, காம்பராவுக்குக் குடும்பம் காத்திருக்காத நாளுமில்லை. அகதிக் கூட்டம் மாதிரி பஸ் பஸ்ஸாக நாங்கள் வந்துகொண்டிருந்த காலம் அது. அப்பா கவ்வாத்து வெட்டப் போனார். தேயிலைச் செடியின் தலையை மட்டமாகக் கத்தரித்து மறுபடி தளிர்க்க விடும் வேலை. அம்மா கொழுந்து பறிக்கப் போனாள். நான் சாப்பிட்டேன்.

கறுப்புக் கண்ணாடி என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது மருந்துப் புட்டிதான். தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுப்பார்கள், புட்டி கொடுக்கமாட்டார்கள். நோயாளியேதான் கொண்டுபோக வேண்டும். பழுப்புப் புட்டி இருக்கிற வீடு கௌரவமான வீடு. எங்களிடம் அது ஒன்றுதான் இருந்தது. அதன் மூடியில் ஓட்டை போட்டு, திரி விட்டு, மண்ணெண்ணெய் ஊற்றிக் குப்பி லாம்பு ஆக்கிவிட்டாள் அம்மா. ஆகவே அப்பாவின் இருமலுக்கு மருந்து வாங்க, துரை பங்களாவின் பின்பக்கம் எறிந்து கிடந்த பீர் பாட்டிலைக் கழுவி எடுத்துக்கொண்டு போனோம். கம்பவுண்டர் மலையாளி. பாட்டிலையும் அப்பாவையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, “எந்தாணு அசுகம்?” என்றார். அசுகம் இருமல்தான் என்று நிரூபிக்க அப்பா அங்கேயே இருமிக் காட்டினார். பாட்டில் நிறைய மருந்தோடு அவர் பஜார் வழியாகத் திரும்பி வந்ததைப் பார்த்தவர்கள் எல்லாருக்கும், புதிதாக வந்த சிலோன்காரன் பகலிலேயே பீர் குடிக்கிறவன் என்று தெரிந்துபோயிற்று. நேர்மையான மனிதனின் பெயரைக் கெடுக்க இருட்டுக் கண்ணாடியைப் போல வேறொன்று இல்லை. உள்ளே இருப்பதை அது சொல்லாது. பார்க்கிறவன் சொல்லிக்கொள்வான்.

அந்தக் குப்பி லாம்பின் முன்னால் உட்கார்ந்து ரொட்டி தின்னும்போது அப்பா சொல்லுவார்: “வெளக்கச் சுத்தி வானவில்லாட்டம் வட்டம் கட்டுது பாத்தியா? இந்த ஊரு மூட்டம் காம்பராவுக்குள்ளயும் பூந்துருச்சு.”

நான் பார்ப்பேன். எனக்கு வட்டம் தெரியாது. ஆனாலும் தெரிகிறது என்பேன். ரொட்டி தின்னும் நேரத்தில் விவாதம் கூடாது என்பது என் கொள்கை.

தேவாலாவின் மழையை அனுபவிக்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. பெய்யும், ஓயும், ஓய்ந்ததும் பள்ளத்திலிருந்து மூட்டம் ஏறும், மூட்டம் கலைவதற்குள் மறுபடி பெய்யும். துணி காயாது, விறகு காயாது, சில நாள் மனிதர்களே காய்வதில்லை. எல்லாரும் மூட்டத்தைத் திட்டினார்கள். அப்பாவும் திட்டினார். “எங்க தோட்டத்துலயும் மூட்டம் வரும், ஆனா வந்தா போகும். இங்க குடியிருக்க வந்துருது, நம்மள மாதிரி” என்பார். கல் தடுக்கினால் மூட்டம். கொடியில் காயும் அம்மாவின் சேலையை அம்மா என்று நினைத்து அதனிடம் பேசினால் மூட்டம். நாங்கள் சிரித்தோம். ஊரைப் பிடிக்காத மனிதர் ஊர் மேல் குறை சொல்கிறார் என்று எண்ணினோம். ஊருக்கே மூட்டமாக இருக்கும்போது ஒருவருடைய மூட்டம் மட்டும் தனியாகவா தெரியும்?

தெரிந்தது ஒரு சூரிய கிரகணத்தன்று. மழை விட்டு, வானம் அலசிப் போட்ட மாதிரி நீலமாக இருந்த பகல். லயத்தில் பாதிப் பேர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்கள். மீதிப் பேர் உடைந்த ஜன்னல் சில்லுகளை விளக்குப் புகையில் கறுப்பாக்கிக்கொண்டு வெளியே நின்றார்கள். நானும் ஒரு சில்லைக் குப்பி லாம்பில் காட்டி, விரலையும் மூக்கையும் சேர்த்துக் கறுப்பாக்கிக்கொண்டு தயாராக நின்றேன். அம்மா பார்த்தாள். அடுத்து அப்பாவிடம் நீட்டினேன்.

“எனக்கு எதுக்குடா கண்ணாடி?” என்றார், தலையைத் தூக்கிச் சூரியனையே வெறுங்கண்ணால் பார்த்துக்கொண்டு. “இந்த மூட்டத்துல சூரியன் நெலா கணக்கா இருக்கு. ஒண்ணும் கூசல.”

எங்கேயும் ஒரு பொட்டு மூட்டமில்லை. எதிர் மலையின் மரங்களை எண்ணலாம் போலிருந்தது. எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள். அம்மா மட்டும் கையில் அந்தக் கறுப்புச் சில்லோடு அப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சாயந்திரம் அடுப்புக்கு முன்னால் மெதுவாகக் கேட்டாள். “எப்பருந்து இப்படி?”

“எது?”

“மூட்டம்.”

“வந்ததுலருந்துதான். ஏன், ஒனக்கும் அப்படித்தான?”

“இன்னிக்கு மூட்டமே இல்ல.”

அப்பா தடவி ஒரு விறகை எடுத்து அடுப்பில் செருகினார். அப்புறம் ஒரு வாக்கியம் சொன்னார். உலக இலக்கியத்தில் பிற்பாடு எவ்வளவோ வாக்கியங்கள் படித்திருக்கிறேன். இப்படி ஒன்றை நான் பார்க்கவில்லை. “மூட்டம் இல்லன்னு ஒத்தரும் என்கிட்டச் சொல்லலயே.”

கண்ணில் புரை விழுந்திருக்கிறது என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். எதிர் லயத்தில் ஒரு கிழவர் இலவச முகாமில் புரை அறுத்துக்கொண்டு, பச்சையும் கறுப்புமில்லாத ஒரு பெரிய கண்ணாடியோடு வந்து உட்கார்ந்திருந்தார். அறுத்தால் சரியாகிவிடும். ஆனால் புரை பழுக்க வேண்டும், காயாக இருக்கும்போது தொடக்கூடாது என்று எல்லாரும் சொன்னார்கள். அதுவுமில்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனால் சேதி ஆபீசுக்குப் போகும். கண் தெரியாதவன் கையில் கவ்வாத்துக் கத்தி கொடுக்கமாட்டார்கள். ஒரு பேர் குறையும். காம்பரா போகும்.

“நல்லாப் பழுக்கட்டும்” என்றார் அப்பா. “அதுக்குள்ள இவனுக்கு வயசு வந்துரும். எனக்குப் பதிலா இவன் பேரு விழட்டும். அன்னிக்கே போயி அறுத்துக்குறேன்.”

ஆக, என் மீசைக்கும் அப்பாவின் கண்ணுக்கும் ஓட்டப்பந்தயம். நான் தினமும் கண்ணாடியில் மேலுதட்டைப் பார்த்தேன். அங்கே தரிசு நிலம்.

வேலையைப் பற்றிப் பயமில்லை. செடியின் முட்டுக்கு முட்டு அவர் விரலுக்குத் தெரியும். பார்வைதான் காட்டிக்கொடுத்தது. பேசுகிறவர் வலப்பக்கம் நின்றால் அப்பாவின் கண் இடப்பக்கம் யாரையோ பார்த்துக்கொண்டிருக்கும். அதை மறைக்க வேண்டும். அம்மாவும் நானும் அவரை தேவாலா பஜாரில் கபூர் பாய் கடைக்குக் கூட்டிப்போனோம். சீப்பு, ரிப்பன், வளையல், சோப்பு டப்பா, எலி மருந்து எல்லாம் ஒரே கண்ணாடிப் பெட்டிக்குள் சமத்துவமாக வாழும் கடை.

“கூலிங் கிளாஸ் காட்டுங்க பாய்” என்றார் அப்பா, கடைக்காரர் இருக்கிற திசை என்று தான் நினைத்த திசையைப் பார்த்து. அங்கே ஒரு தூணில் காலண்டர் தொங்கியது.

பாய் ஒரு கண்ணாடியை எடுத்து அவர் கையில் வைத்தார். அப்பா அதைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு, முன்னால் நீட்டிய முகம் பார்க்கும் கண்ணாடிக்கு முன் தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, “ம், நல்லாத்தான் இருக்கு” என்றார். நான் தரையைப் பார்த்தேன். பாய் எட்டி, துடைக்கிற சாக்கில் அந்தக் கண்ணாடியைக் கழற்றி, நேராகத் திருப்பி, தானே மாட்டிவிட்டார்.

“இப்படிப் போடுங்கண்ணே. ஒங்க மூக்குக்கு இதான் எடுப்பு. கேட்டா பாரின் சாமான்னு சொல்லுங்க, ஒரு பய பேசமாட்டான்.”

அம்மா கண்ணில் நீர் முட்டியதைப் பார்த்து அவர் வளையல் பெட்டியைத் திறந்து அவள் பக்கம் தள்ளினார். அவள் கறுப்புக் கண்ணாடி வளையலாகப் பார்த்து இரண்டு கையும் நிறைய வாங்கிப் போட்டுக்கொண்டாள். இந்த நேரத்தில் அலங்காரம் என்ன வேண்டியிருக்கிறது என்று எனக்குக் கோபம் வந்தது. மறுநாள் காலை விடை தெரிந்தது.

விடியும் முன்னே பெரட்டு. பெரட்டு என்றால் எல்லாரும் களத்தில் கூடி, அன்றைக்கு எந்த மலைக்கு யார் என்று பிரித்து அனுப்புவது. இருட்டும் மூட்டமுமாகக் கிடந்த பாதையில் அம்மா கொழுந்துக் கூடையோடு முன்னால் நடந்தாள், கையை வேண்டுமென்றே வீசி வீசி. கலகலவென்று வளையல் முன்னால் போயிற்று. அப்பா அந்தச் சத்தத்தின் பின்னால், கறுப்புக் கண்ணாடி அணிந்து, கழுத்தில் துண்டைச் சுற்றி, சினிமா மைனர் நடை நடந்து போனார். படியில் அவள் இரண்டு முறை குலுக்குவாள். வாய்க்கால் வந்தால் நின்று குலுக்குவாள். அதுவரை வளையல் என்பது பெண்களுக்கு நகை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

சூப்பர்வைசர் நாச்சிமுத்து கோயம்புத்தூர்ப் பக்கத்து மனிதர். குடையில்லாமல் அவரைப் பார்த்தவர் இல்லை. “ஏனுங் முத்தையா, சூரியனைப் பாத்தே ஒரு வாரமாச்சுங். எதுக்குங் கூலிங் கிளாசு?” என்பார்.

“சும்மா ஒரு பேஷனுக்குத்தானுங்க ஐயா.”

“நல்ல பேஷனுங். பொண்டாட்டி முந்தானையப் புடிச்சுக்கிட்டே வர்றதும் பேஷனுங்களா?”

களமே சிரிக்கும். அப்பாவும் சிரிப்பார். பீர் குடிக்கிறவன், மைனர், பெண்டாட்டி தாசன் என்று அவருக்கு ஒவ்வொரு பட்டமாகச் சேர்ந்தது. ஒவ்வொன்றையும் பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டார். குருடன் என்ற ஒரு பட்டம் வராமலிருக்க மற்ற எதையும் சுமக்கத் தயாராக இருந்தார். ஒழுக்கமான மனிதர், பாவம். மைனராக இருப்பது அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும்!

வந்த வினை பேஷனால்தான் வந்தது. அம்மாவின் கறுப்பு வளையல் லயத்துப் பெண்களுக்குப் பிடித்துப்போயிற்று. சிலோன்காரி கையில் என்னமாய் எடுக்கிறது பார் என்று ஒவ்வொருத்தியாக பாய் கடைக்குப் போனார்கள். பாய்க்கு விற்காமலிருக்க முடியுமா? ஒரு தீபாவளி முடிந்து வேலை தொடங்கிய காலை. கை நீட்டினால் கை தெரியாத மூட்டம். அம்மா ஒரு பக்கம் குலுக்கினாள். நான்கு பக்கமும் குலுங்கிற்று. அவள் பயந்து பெயர் சொல்லாமல், “வாங்க, இங்க” என்றாள். தீபாவளிக் கதை பேசிக்கொண்டு போன கூட்டத்தின் இரைச்சலில் அது அவருக்குக் கேட்கவில்லை. அவர் கேட்ட வளையலின் பின்னாலேயே போனார். அது செல்வி என்கிற பெண்ணின் வளையல். அவள் கூட்டத்தை விட்டு விலகி, ஒதுங்குவதற்காக மறைவாகச் சவுக்கு மரங்களுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தாள்.

அவள் போட்ட கூச்சலில் மலையே திரும்பிற்று.

அவள் புருஷன் வேலு ஓடிவந்து அப்பாவின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக் களத்துக்கு இழுத்து வந்தான். கூச்சல் கேட்டு ஓடிவந்து நானும் அங்கே நின்றேன்; அதற்குள் விடிந்து மூட்டமும் கொஞ்சம் விலகியிருந்தது. அத்தனை பேரும் நின்றார்கள்.

“பொம்பள ஒதுங்குற எடத்துல ஒனக்கு என்னடா சோலி? கண்ணு அவிஞ்சா போச்சு ஒனக்கு?” என்றான் வேலு.

கோபத்தில் எல்லாரும் கேட்கும் கேள்விதான் அது. அதற்கு யாரும் பதில் எதிர்பார்ப்பதில்லை. அப்பா பதில் சொன்னார்.

“இல்ல தம்பி. தெரியுது. நல்லாத் தெரியுது.”

“தெரிஞ்சேதான் போனியா?”

“ஆமா. தெரிஞ்சேதான் போனேன்.”

வேலு அறைந்தான். கறுப்புக் கண்ணாடி கழன்று கல்லில் விழுந்து ஒரு பக்கம் உடைந்தது. அப்பா குனிந்து அதைத் தேடினார், அது கிடந்த இடத்தை விட்டு வெகு தூரம் தள்ளி. இன்னொரு அறைக்குக் கை ஓங்கிய வேலுவை மறித்துக்கொண்டு அம்மா விழுந்தாள்.

“அடிக்காதீங்க! அவருக்குக் கண்ணு தெரியாதுங்க! ரெண்டு கண்ணும் தெரியாது!”

“பொய் சொல்றாங்க ஐயா” என்றார் அப்பா, முழங்காலில் நின்றபடி. “என்னயக் காப்பாத்தப் பொய் சொல்றா. நான் தப்புப் பண்ணுனவன். என்னா தண்டனைன்னாலும் குடுங்க. பேரு மட்டும் வெட்டிறாதீங்க.”

நாச்சிமுத்து நிதானமாக முன்னால் வந்தார். அன்றைக்கு என்னவோ, குடையைக் கொட்டகைச் சுவரில் சாத்திவிட்டு வந்திருந்தார். வெறுங்கையை அப்பா முகத்துக்கு நேரே நீட்டினார்.

“முத்தையா, என்ற கையில என்னுங் இருக்குது?”

அப்பா தலையை நிமிர்த்தி, புன்னகைகூடச் செய்து, சொன்னார்: “கொடைங்க ஐயா.”

யாரும் சிரிக்கவில்லை. வேலு ஓங்கிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். நாச்சிமுத்து கீழே கிடந்த கண்ணாடியை எடுத்து, துண்டில் மண்ணைத் துடைத்து, அப்பாவின் கையில் வைத்தார். “ஊட்டுக்குப் போங்க” என்றார். “சொல்லியிருக்கலாமுல்லீங்” என்று அதற்குப் பிறகு யாரிடமோ சொல்வது போலச் சொன்னார்.

மறுநாள் காலை அம்மா தனியாகப் பெரட்டுக்குப் போனாள். நான் வாசலில் நின்றேன். அவள் வளையல் சத்தம் தெளிவாக, ஒற்றையாக, களம் வரைக்கும் கேட்டது. வேறு ஒரு சத்தமில்லை. லயத்துப் பெண்கள் அத்தனை பேரும் வளையலைக் கழற்றிவிட்டிருந்தார்கள். புருஷன் உயிரோடிருக்கும்போது வெறுங்கையோடு வெளியில் வரக்கூடாதென்று மணிக்கட்டில் மஞ்சள் கயிறு மட்டும் கட்டிக்கொண்டிருந்தார்கள். செல்விதான் முதலில் கழற்றினாளாம். முத்தையா அண்ணனுக்கு வழி தவறக்கூடாது என்றாளாம். பாதை முழுக்க அவருக்காக அமைதியாக இருந்தது. அவர்தான் வரவில்லை. வேலை இல்லை என்று முந்தின நாளே ஆபீசில் சொல்லிவிட்டார்கள்.

மூடி மறைக்க எதுவும் இல்லாததால் இப்போது ஆஸ்பத்திரிக்குப் போகலாமே! குன்னூருக்குக் கூட்டிப்போனோம். அப்பா உற்சாகமாகவே வந்தார். புரை நன்றாகப் பழுத்திருக்கும், அறுத்துக்கொண்டு வந்து துரையிடம் நேரில் கண்ணைக் காட்டி வேலையைத் திரும்பக் கேட்கலாம் என்று பஸ்ஸில் சொல்லிக்கொண்டே வந்தார். டாக்டர் வெகுநேரம் பார்த்தார். “இது புரை இல்லம்மா” என்றார். “கண்ணுக்குள்ள தண்ணி அழுத்தம் ஏறி நரம்பு செத்துப்போச்சு. வெளக்கச் சுத்தி வட்டம் தெரிஞ்சிருக்குமே, அப்பவே வந்திருந்தா சொட்டு மருந்துலயே நிறுத்தியிருக்கலாம். போனது இனி வராது.”

“பழுக்கட்டும்னு இருந்தோங்க” என்றாள் அம்மா. டாக்டருக்குப் புரியவில்லை.

அதற்குப் பிறகும் அவள் விடவில்லை. காம்பராவைக் காலி செய்யச் சொன்ன வாரத்தில் மேலதிகாரி ஒருவர் தோட்டத்துக்கு வந்திருந்தார். ஆபீசுக்கு முன்னால் வெள்ளைக் கார் நின்றது, ஜன்னலெல்லாம் கறுப்புக் கண்ணாடி. அப்போது அந்தப் பக்கத்துக்கு அது புதுசு. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு பின்கதவுப் பக்கம் போய்க் கும்பிட்டு நின்றாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு. “ஐயா, எம் மவனுக்கு இன்னுங் கொஞ்ச நாள்ல வயசு வந்துரும். அது வரைக்கும் ரெண்டு ஆள் வேலைய நான் ஒருத்தியே செய்யுறேன். தலைக்கு மேல கூரைய மட்டும் பிடுங்காதீங்க.” கண்ணாடி அசையவில்லை. அவள் எங்கள் கதை முழுவதையும், கப்பலேறியதிலிருந்து சொன்னாள். குனிந்து அழுதாள். கறுப்புக் கண்ணாடியில் எங்கள் இரண்டு பேர் முகமும் தெரிந்தது. கேட்கிறவரின் முகம் தெரியவில்லை. ஆனால் இவ்வளவு பொறுமையாகக் கேட்கிற அதிகாரியை நான் அப்புறமும் பார்த்ததில்லை.

டீக்கடையிலிருந்து டிரைவர் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். “ஏனுங்கம்மா, யாருகிட்டப் பேசிட்டு இருக்கீங்க? அய்யா ஜீப்புல பேக்டரிக்குப் போயி நேரமாச்சுங்ளே.” கதவைத் திறந்தும் காட்டினார். சீட்டில் ஒரு பூத்துவாலை விரித்திருந்தது. அம்மா அதையும் ஒரு தடவை கும்பிட்டுவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தாள். மறுபடி சொல்ல அவளிடம் பேச்சு மிச்சமில்லை.

காம்பராவைக் காலி செய்துவிட்டு எமரால்டு என்கிற ஊர்ப் பக்கம் போனோம். கேரட் தோட்டங்களில் அம்மா கூலிக்குப் போனாள். தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகையில் அப்பா பூண்டு உரித்தார். லயம் இருந்த இடத்தில் இப்போது செடி. கபூர் பாய் கடை இருந்த இடத்தில் செல்போன் ரிப்பேர். மருந்து பிளாஸ்டிக்கில் வருகிறது, கார்க் கண்ணாடியின் கறுப்பைப் போலீசே உரிக்கிறார்கள். கிரகணத்தை டிவியில் பார்க்கிறோம். எனக்கும் கண்ணில் அழுத்தம் இருக்கிறதாம். தினமும் ஒரு சொட்டு விட்டால் போதும், பயப்படாதீங்க அங்கிள் என்றாள் அந்தப் பெண். பயமில்லையம்மா, அந்தச் சொட்டின் அளவைப் பார்த்துத்தான் திகைத்து உட்கார்ந்துவிட்டேன்.

அம்மா முதலில் போனாள். அப்பா அதற்கப்புறமும் பல வருஷம் இருந்தார். நான் படித்து, வேலைக்குப் போய், ஒருவழியாக மீசையும் முளைத்து, அது நரைத்து, இவ்வளவும் ஆனது. அவருக்கு அதெல்லாம் சொல்லக் கேட்ட சேதி. பார்த்த சேதி அரைக்கால் சட்டையோடு நின்றுவிட்டது. நான் வீட்டுக்குள் வந்து “அப்பா” என்றால் கையை நீட்டுவார். அந்தக் கை என் இடுப்பு உயரத்தில் வந்து நிற்கும். என் தலை அங்கேதான் இருப்பதாக அவருக்கு நினைப்பு. நான் குனிந்து தலையை அந்தக் கைக்கு அடியில் கொண்டுபோய்க் கொடுப்பேன். தொந்தி விழுந்து, முட்டி வலி வந்த பிறகும் குனிந்துதான் கொடுத்தேன். வழுக்கையைத் தடவிப் பார்த்து, “இம்புட்டு ஒட்டவாடா முடி வெட்டுவான்? சளி பிடிக்கப்போகுது” என்பார்.

அந்த அரைக்கால் சட்டைப் பையனைப் பார்த்தவர்களில் மிச்சமிருந்தது அவர் ஒருவர்தான். அவரைப் புதைத்துவிட்டு வந்த அன்று வாசலில் செருப்பைக் கழற்றினேன், உள்ளே வந்தேன், நேராகவே நின்றேன்.